ஒட்டு தெரியாத சுவர்

அவர் ஒரு சுவரைக் கண்ணால் பார்த்து நான் கண்டதில்லை. புதிதாக ஒரு அறைக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே சுவருக்குப் போவார். வலது புறங்கையை அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடப்பார். நடுவில் எங்கேயாவது நின்றால் அங்கே ஒட்டு இருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கை வேலை செய்து செய்து காய்த்துப்போனது, அதை நம்ப முடியாது, புறங்கைதான் சரியாகச் சொல்லும் என்பார்.

நான் வயர்மேன். அனுப்பம்பட்டில் வீடு. காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தைச் சுற்றி அலுவலகங்கள் எழும்ப ஆரம்பித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை. செங்கல் வைத்துக் கட்ட நேரமில்லை என்று எல்லா அறைகளையும் ஜிப்சம் பலகையால்தான் தடுத்தார்கள். தகரச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். அதற்குச் சேனல் என்று பெயர். அதன்மேல் பலகையை வைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள். ஒரு பலகையும் அடுத்த பலகையும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். ஒன்று கொஞ்சம் முன்னால் நிற்கும், இன்னொன்று பின்னால் போயிருக்கும். அந்தக் கோட்டில் பட்டி வைத்து, நாடா ஒட்டி, மறுபடியும் பட்டி பூசித் தேய்த்து, அங்கே கோடே இருந்ததில்லை என்று ஆக்குவது அவர் வேலை. அவர் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டிக்காரர் என்றால் அவர்தான்.

எனக்கும் அவருக்கும் தொழில்முறையில் பகை. அவர் மூடுகிறவர், நான் துளைக்கிறவன். காலையில் நான் துளைபோடும் மெஷினை எடுத்தாலே அவர் முகம் சுண்டிப்போகும்.

"இன்னா வயர்மேன், நேத்து சாயந்தரந்தான் இத்த கொழந்த கன்னம் மாரி பண்ணி வெச்சிட்டுப் போனேன். இன்னிக்கு வந்து அம்மை போட்ட மாரி ஓட்ட போட்டுக்கினு கீற."

"சுவிட்சு இல்லாம லைட்டு எப்டி எரியும்?"

"உன்ன லைட்டு யாருய்யா கேட்டது? சூரியன் கீற வரிக்கும் வேல பாத்துட்டு ஊட்டுக்குப் போவட்டும்."

பட்டி குழைக்கிற தண்ணீரை முதலில் நாக்கில் விட்டுப் பார்ப்பார். பழவேற்காட்டுப் பக்கம் போர் போட்டால் பாதி இடத்தில் உப்புத்தான் வரும். உப்புத் தண்ணீரில் குழைத்தால் காயும்போது நன்றாகத்தான் இருக்கும், ஒரு மழை போனதும் ஒட்டு நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் வீட்டிலிருந்து குடிதண்ணீர்க் கேன் ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு வருவார். அவருக்குத் தாகம் எடுத்தால் டீக்கடைக்குப் போவாரே தவிர அந்தக் கேனைத் தொடமாட்டார். ஒருநாள் தெரியாத்தனமாக நான் அதிலிருந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டேன். "சுவத்துக்கு வெச்ச தண்ணிய குட்ச்சிட்டியேப்பா" என்றார். சாயங்காலம் வரை என்னோடு பேச்சு இல்லை.

ஒரு பெரிய கூடத்தில் இரண்டு பலகைகள் சேர்ந்த இடம் மோசமாக வந்துவிட்டது. விரல் கனத்துக்கு மேடு. சின்ன இஞ்சினியர் அதைத் தேய்த்துத் தள்ளச் சொன்னார். தேய்த்தால் பலகையின் மேல் இருக்கிற காகிதம் கிழிந்து உள்ளே இருக்கிற மாவு கொட்டிவிடும். அவர் மேட்டின்மேல் கையே வைக்கவில்லை. அதன் இரண்டு பக்கமும் பட்டியை நிரவிக்கொண்டே போனார், ஒன்றரை அடி தூரத்துக்கு. ஒரு பூச்சு, காய ஒரு நாள். அடுத்த பூச்சு இன்னும் அகலமாக, அதற்கு ஒரு நாள். ஏரிக்காற்றில் எதுவும் லேசில் காயாது. மூன்றாவது பூச்சும் காய்ந்த பிறகு உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்த்தார். முடிந்ததும் நான் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மேடு எங்க போச்சு?"

"எங்கியும் போவல. அங்கியேதான் கீது. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியாதபடி பண்ணிட்டேன், அவ்ளோதான்."

இஞ்சினியர் திருப்தியாகிக் கையெழுத்துப் போட வந்துவிட்டார். இவர்தான் விடவில்லை. கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை ஏழரை மணிக்கு வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும், அப்போது ஒட்டு தெரியும் என்றார். ஏழரைக்கு இங்கே யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று இஞ்சினியர் கேட்டார். "சுவரு உக்காந்துக்கினு இருக்குமே" என்றார் இவர். டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நூல் அளவுக்கு ஒரு நிழலைக் காட்டிவிட்டு, மறுபடியும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு பெரிய அதிகாரி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஒட்டு எங்கே இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டபோது, "சொல்லமாட்டேன் சார், சொன்னா அதுக்கப்பறம் அது மட்டுந்தான் உங்க கண்ணுல படும்" என்று சொல்லிவிட்டார்.

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோயிலுக்கு வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் முழங்காலில் இருக்கிறோம், இவர் பின்னால் தூணோரம் நின்று புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்ததும் "உங்க சாமி ஊட்டுல பூச்சு சரியில்ல வயர்மேன், ஃபாதராண்ட சொல்லு, ஒரு லீவு நாள்ல நான் வந்து பாத்துத் தரேன்" என்றார். சொன்னபடியே வந்து செய்தும் கொடுத்தார். இன்றைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும்போது அந்தச் சுவரோரம்தான் நிற்கிறேன். நிற்க வேண்டியவன்தான் நான்.

அவர் பிறந்தது கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டில். இளவயதில் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். பிறகு இடித்துப் பிளந்த பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போட ஆரம்பித்து, அந்தக் கைப்பழக்கத்தில்தான் பட்டி வேலைக்கு வந்தார். மனைவி முன்பே இறந்துபோனாள். ஒரே மகன். அவன் அப்பாவைப் போல் கரையேறவில்லை, கடலுக்குத்தான் போனான்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுக் கூடத்தைப் பாதியாகத் தடுத்துப் புதுத் தம்பதிக்கு ஒரு அறை எடுத்தார். குப்பத்திலேயே முதல் பலகைச் சுவர் அதுதான். மற்ற வீடுகளெல்லாம் செங்கல், சிமெண்டு. சேனலும் பலகையும் அவரே நிறுத்தினார். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், ஒரு சுவிட்சுப் பெட்டி, அதை நான் செய்தேன். பத்தடிக்கு எட்டடிச் சுவர். அதற்குப் பட்டி பார்க்கப் பதினோரு நாள். வேலை முடிந்து வந்து வந்து தேய்த்தார். மகன் வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டே கிண்டல் செய்வான்.

"நைனா, முட்ச்சிட்டு அப்டியே கடலுக்கு வா. அலைங்கல்லாம் மேடும் பள்ளமுமா கீது, அத்தையும் கொஞ்சம் தேச்சுக் குடுத்துரு."

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவர் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கல்யாணமாகி ஒன்பதாவது மாதம், முகத்துவாரத்தில் மணல் திட்டுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் போனதில் இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். மகன் வரவில்லை. ஊரே நாலு நாள் தேடியது. இரண்டாம் நாள் படகு மட்டும் வடக்கே ஒதுங்கியதாகச் சொன்னார்கள். நான் போனபோது எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இவர் மட்டும் படகுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் முன்பக்கத்தைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். போன வருடம் அந்த இடத்தில் ஒட்டுப்போட்டது அவர்தான்.

"ஒட்டு வுடல வயர்மேன். அலைதான் கவுத்துச்சு. ஒட்டு வுடல."

நான் தலையாட்டினேன்.

"நீயே தொட்டுப் பாரு."

தொட்டேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. "வுடல" என்று நானும் சொன்னேன்.

உடம்பு கிடைக்காத ஆளுக்கு அவர்கள் குப்பத்தில் அவசரப்பட மாட்டார்கள். வேறு கரையில் ஒதுங்கியிருப்பான், ஏதாவது கப்பல்காரன் ஏற்றிக்கொண்டிருப்பான் என்று காத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் பெரியவர்கள் கூடி, படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றி, ஆள் இல்லை என்று ஒத்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் பெண்டாட்டி பெண்டாட்டிதான். மருமகள் தேசராணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, குழந்தை இல்லை. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் அம்மா வந்து கேட்டாள், ஊர் ஒத்துக்கொண்டு அனுப்பினால் என் பெண்ணை அழைத்துப்போய் இன்னொரு வாழ்க்கை அமைத்துக் கொடுப்பேன் என்று. பெரியவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். தேசராணியின் அண்ணன் கையில் சுத்தியும் ஆணியும். அந்தப் பலகைச் சுவரில் எங்கே அடிக்கலாம் என்று கேட்டான். "சுவரு அவுருது, அவுரே காட்டட்டும்" என்றார் ஒரு பெரியவர். இவர் எழுந்தார். புறங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நின்றார். விரலை வைத்துக் காட்டினார்.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்தச் சுவருக்குள் வயர் இழுத்தவன் நான். அங்கே பின்னால் சேனல் கிடையாது. வெறும் பலகை. செங்கல் சுவரில் ஆணி எங்கே அடித்தாலும் பிடிக்கும், பலகைச் சுவரில் சேனலில்தான் பிடிக்கும், மற்ற இடத்தில் மாவுக்குள் குத்திய மாதிரி நிற்கும், கனம் ஏறினால் நழுவிவிடும். துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆணி சுலபமாக இறங்கியது. கண்ணாடி போட்ட படத்தை மாட்டினார்கள். நின்றது. தேசராணியின் அம்மா விளக்கை ஏற்றினாள். பெரியவர் ரோஜா மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டார். போட்டுக் கையை எடுத்ததும் ஆணி, படம், மாலை எல்லாமாகத் தரையில் விழுந்து கண்ணாடி சிதறியது.

முதலில் பேசியது அந்தப் பெரியவர்தான்.

"ஆளு உசுரோட கீறான். அதான் படம் நிக்கல."

பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். சந்தோஷ அழுகை. தேசராணி கீழே உட்கார்ந்து கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் தனியாகத் திரும்பிப் போனாள். அன்று சாயங்காலமே இவர் பட்டி குழைத்து அந்த ஆணித் துளையை மூடிவிட்டார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பொன்னேரியில் ஒரு கிளினிக்குக்கு வேலை. அவர் தேய்த்துக்கொண்டிருந்தார், நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். கேட்டுவிட்டேன்.

"படம் ஏன் வுழுந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

கை நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியாமத்தான் அந்த எடத்த காட்னன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதான் காட்னேன்."

"அந்தப் பொண்ணு வாழ்க்கைய்யா."

இப்போது உப்புத்தாளைக் கீழே வைத்தார். முகம் முழுக்க வெள்ளைத் தூசு. கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"அது கெளம்பிப் போய்ட்டா அவன் இருந்தான்றதுக்கு அந்த ஊட்டுல இன்னா கீது சொல்லு. எனக்கு மட்டும் அது வாழணும்னு இல்லியா? ஒரு வருசம் வுடு. அவன் வர்லன்னா நானே பெரியவங்களாண்ட சொல்லிடறேன். நீ சொல்லிடாத."

நான் சரி என்றேன். ஒரு வருடம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வருடம் முடிந்தது. அவர் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் "அடுத்த மாசம்" என்றார். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்பது பேஜார், கேட்காமல் இருப்பது சுலபம். அவள் எறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் வருவதற்குள் இவர் உலை வைத்து, மீன் ஆய்ந்து வைத்திருப்பார். காய்ச்சல் என்றால் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பெற்ற அப்பன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். அந்த உண்மைதான் என் வாயைக் கட்டிப்போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் கோழை, அதுதான் காரணம்.

வேலை செய்யும் இடங்களில் அவர் முன்னைவிட மோசமானார். தேய்த்து முடித்த சுவரையே மறுபடியும் தேய்ப்பார். ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால், காய்ந்த சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னா கேக்குது என்றேன். "ஒண்ணும் கேக்கல, அதான் பாக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அவரோடு தனியாக ஒரு அறையில் வேலை செய்வதைத் தவிர்த்தேன்.

நாலாவது வருடம் இருமல் முற்றிப் படுத்தார். வாயில் துணி கட்டாமல் அத்தனை வருடம் தூசு தின்றவர். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேச்சு வரவில்லை. என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். சொல்லிவிடு என்றாரா, சொல்லாதே என்றாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தேசராணி போன் செய்தாள்.

"அண்ணா, மாமா படத்த மாட்டணும். மாமா போட்ட சுவரு, கண்டவங்கள வுட்டு ஓட்ட போட மனசு வர்ல. நீங்க வந்து மாட்டிக் குடுங்கண்ணா."

போனேன். காலை பதினொரு மணி இருக்கும். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். சுவரின் நடுவில் ஒரு இடத்தைக் காட்டி இங்கே என்றாள். நான் விரலை மடக்கித் தட்டினேன். பொள்ளென்று சத்தம். வருடக்கணக்கான பழக்கம், வாய் தானாகப் பேசிவிட்டது.

"இங்க நிக்காதும்மா. பின்னாடி சேனல் இல்ல, வெறும் பலக. மால போட்டா வுழுந்துரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவள் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு படம் மாட்னாலும் வுழுமா?"

"ஆமாம்மா. யாரு படமா இருந்தாலும்."

வெளியே யாரோ படகு மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு மாமாதான விரல வெச்சுக் காட்னாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"அவருக்கு இது தெரியாம இருக்குமாண்ணா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செத்துப்போனவர் நல்லவராகவே இருந்திருப்பார். "தெரியும்மா" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியும்."

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. "சேனல் எங்க கீது, காட்டுங்க" என்றாள். நான் தட்டிப் பார்த்து இரண்டு இடத்தில் பென்சிலால் குறித்தேன். அவள் பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில் அட்டை பிரிக்காத புதுச் சட்டைகள் நாலு அடுக்கியிருந்தன. காணாமல் போனவனுக்குப் பொங்கலுக்கு ஒன்று என்று பார்த்த உடனே புரிந்தது. அதற்கு அடியிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த புருஷன் படத்தை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தது.

"இத்த மொதல்ல மாட்டுங்க."

துளை போட்டேன். மெஷின் தகரத்தைக் கடிக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அவள் கண்ணை மூடவில்லை. திருகாணியை முடுக்கிப் படத்தை மாட்டினேன். மாமனாருக்கென்று வாங்கிவைத்திருந்த மாலையை எடுத்து அவளே போட்டாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு எடுத்தாள். படம் நின்றது. விளக்கை ஏற்றிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து, இரண்டாவது குறியில் மெஷினை வைத்தேன்.

"அது வேணாம்ணா."

"மாமா படம்?"

அவள் அதை எடுத்து, சுவரின் கீழே தரையில் சாய்த்து வைத்தாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நாலு வருசம் காத்துக்கினு இருந்தேன்" என்றாள். "அவரும் கொஞ்ச நாளு இருக்கட்டும்."